போலகத்து வாத்தியாருக்கு நேஷனாலிட்டி

அம்பலவாணனுக்கு விருது கிடைத்த செய்தி திங்கட்கிழமை வந்தது. சனிக்கிழமைக்குள் அவனுக்குப் பிரான்ஸ் நாட்டுக் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. முதலாவதைக் கொடுத்தது சென்னையில் இருக்கும் ஓர் அறக்கட்டளை. இரண்டாவதைக் கொடுத்தது காரைக்கால்.

விருது உண்மை. பதின்வயதினருக்கான சிறந்த அறிவுநூல் என்ற விருது அது. கதை, கவிதைக்கெல்லாம் அங்கே இடம் கிடையாது, நடந்ததை நடந்தபடி சொல்லும் புத்தகங்களுக்கு மட்டும்தான். கடைசிச் சுற்றுக்கு வந்த புத்தகங்களைப் பேராசிரியர்கள் யாரும் உட்கார்ந்து எடைபோடவில்லை. பல ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளே படித்துப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டில் ஜெயித்தது, காரைக்காலை அடுத்த போலகத்துக்காரனும் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியனுமான அம்பலவாணன் எழுதிய 'புரளி எந்த பஸ்ஸில் வந்தது?' என்ற புத்தகம்.

புத்தகம் பிறந்த கதை சின்னது. ஒரு நவம்பரில் 'நாளை மழை விடுமுறை' என்று எல்லார் போனுக்கும் செய்தி வந்தது. மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் செய்தியை முதலில் யார் அனுப்பினார்கள் என்று தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அம்பலவாணன் துப்புத் துலக்கப் போனான். வீடு வீடாக, கடை கடையாக, உங்களுக்கு யார் அனுப்பினார்கள் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனதில், அது முந்தைய வருஷத்து உண்மையான அறிவிப்பு என்றும், தேதியைப் பார்க்காமல் யாரோ ஒரு புண்ணியவான் தட்டிவிட்டிருக்கிறார் என்றும் தெரிந்தது. அந்த அலைச்சலையும் அதில் கற்றுக்கொண்டதையும்தான் எழுதியிருந்தான்.

ஊரில் அதை விளக்கிச் சொல்வதற்குள் அவனுக்கு நாக்கு தள்ளிவிட்டது.

"கதப் புஸ்தகமா தம்பி?"

"இல்லீங்க, உண்மைப் புஸ்தகம்."

"சின்னப் புள்ளைங்களுக்கா?"

"அதவிட கொஞ்சம் பெரிய புள்ளைங்களுக்கு."

"நல்லது, நல்லது. அப்ப பெரியவங்களுக்கு எப்ப எழுதப் போறீங்க?"

வம்பு எங்கே ஆரம்பித்தது என்றால், அறக்கட்டளைக்காரர்கள் அனுப்பிய செய்தியில் கடைசியாக இருந்த ஒரு வரியில். பாரீஸில் ஒரு சிறிய பதிப்பகம் இந்தப் புத்தகத்தைப் பிரெஞ்சில் கொண்டுவர ஆசைப்படுகிறது என்று அதில் இருந்தது. அம்பலவாணன் வெள்ளந்தியாக அதையும் நாலு பேரிடம் சொல்லித் தொலைத்தான். காரைக்காலில் பிரான்ஸ் என்ற சொல் ஒருவர் காதில் விழுந்தால் அதற்கடுத்து அவர் வாயில் வருவது நேஷனாலிட்டிதான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன ஊர் என்பதால் இங்கே எத்தனையோ வீடுகளில் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அங்கேயிருந்து பென்ஷன் வருகிறது, இங்கேயிருந்து பிள்ளைகள் போகிறார்கள். கல்யாணப் பேச்சில் அந்தக் குடியுரிமைக்கு இருக்கிற மவுசு நகைநட்டுக்குக்கூடக் கிடையாது.

சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நூகு பாய் டீக்கடையில் கால் வைத்தபோதே அவனுக்கு வரவேற்பு பலமாக இருந்தது.

"வாங்க பிரெஞ்சு வாத்தியாரே!"

"நான் சயின்ஸ் வாத்தியாருங்க பாய்."

"அது பழைய கத. பேப்பர் வந்துருச்சாமே?"

"என்னா பேப்பரு?"

"நேஷனாலிட்டி பேப்பருதான். விருதோட சேத்துக் குடுத்துட்டாங்களாமே, மாஷா அல்லா!"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

ஊரே சொல்கிறது என்று யாராவது சொன்னால், சொன்னவர் பெயர் அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். இதை அம்பலவாணன் தன் புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். நூகு பாய் அந்தப் புத்தகத்தை வாங்கிக் கல்லாவுக்கு மேலே கண்ணாடிக்குள் வைத்திருந்தார். படிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அவன் மறுத்துப் பார்த்தான். அடக்கம் என்றார்கள். இன்னும் அழுத்தி மறுத்தான். வெளியில் சொல்லக் கூடாதென்று அங்கே சொல்லியிருப்பார்கள் என்று ஒருவர் மற்றவருக்கு விளக்கம் கொடுத்தார். சிநேகிதர்கள் பஸ் ஸ்டாண்டில் வைத்த ஃப்ளெக்ஸ் பேனரில் அவன் தலைக்குப் பின்னால் ஈஃபில் கோபுரம் நின்றது. விசாரித்தால், யாரும் அதைப் போடச் சொல்லவில்லையாம், ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஆசைப்பட்டு அவராகவே போட்டுக் கொடுத்தாராம். எழுதியவன் புரளியைப் பற்றி எழுதினான், ஊர் அவனுக்கு ஒரு புரளியையே மாலையாகப் போட்டுவிட்டது.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. அவன் அம்மா உமாமகேஸ்வரி கொல்லையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, அந்தக் குளுர்ல இட்லி மாவு புளிக்குமாடா?"

"அம்மா, நான் எங்கயும் போகல. எனக்கு ஒண்ணும் வரல."

"சரி சரி. அத வெளியில சொல்லாத. இப்பத்தான் தரகர் வந்துட்டுப் போறாரு. மூணு எடம் சொல்லியிருக்காரு."

தரகர் சொன்ன இடங்கள் அம்பலவாணனுக்கு வேண்டாம். அவனுக்கு வேண்டியது ஒரே இடம். காரைக்காலில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு பழைய வீடு. அந்த வீட்டுப் பெண் மெலானி, ஒரு தனியார் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாள். அவன் புத்தகத்தின் முதல் வாசகி அவள்தான். "இந்தப் பக்கம் போரடிக்குது, பசங்க தூங்கிடுவாங்க" என்று பாதிப் புத்தகத்தைக் கிழிக்க வைத்தவளும் அவள்தான். அவள் சொன்னதைக் கேட்டதால்தான் விருது வந்தது என்று அவன் யாரிடமும் கூசாமல் சொல்வான்.

அவள் அப்பா சவியே, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வழக்கில் சொல்தா. அவருக்கும் மகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. மதம் அவருக்குப் பெரிய தடையாக இல்லை. கோயிலிலும் தேவாலயத்திலும் இரண்டு தடவை கல்யாணம் செய்துவிடலாம் என்று உமாமகேஸ்வரியே சமாதானம் ஆகியிருந்தாள். தடை வேறு. சவியேயின் அக்கா மகளை ஒருவன் உருகி உருகிக் கல்யாணம் செய்துகொண்டு, பிரான்ஸ் போய்க் குடியுரிமை கைக்கு வந்ததும் கம்பி நீட்டிவிட்டான். அந்தக் காயம் ஆறாத நேரத்தில் அம்பலவாணன் பெண் கேட்டு வந்து நின்றான். சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஈஸ்டர் விருந்தில், கையில் கோப்பையோடு, சவியே எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"நேஷனாலிட்டிக்காகப் பொண்ணு கேக்குறவனுக்கு என் வீட்ல எடம் இல்ல."

"எனக்கு அது வேணாம் சார்" என்றான் அம்பலவாணன்.

"எல்லாரும் அப்படித்தாம்ப்பா சொல்றாங்க. அவனும் அப்படித்தான் சொன்னான்."

ஒரு பொருள் வேண்டும் என்பதற்கு ஆயிரம் அத்தாட்சி காட்டலாம். வேண்டாம் என்பதற்கு எதைக் காட்டுவது? எதையும் ஆதாரத்தோடு சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவன் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அதோடு மூன்று வருஷம் ஓடிவிட்டது. மெலானியும் அப்பாவை மீற மாட்டேன், வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் மாட்டேன் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்கு வரச் சொன்னாள். அவள் நடந்து வந்த வேகத்திலேயே ஏதோ நல்ல சேதி என்று தெரிந்தது.

"அப்பா சரின்னுட்டாரு!"

"என்னா?"

"அவனுக்கே இருக்கும்போது இனிமே யாரு என்னா சொல்ல முடியும்னு கேட்டாரு. ஸ்கூல்ல உனக்குப் பாராட்டு விழா நடக்குதுல்ல, அது முடியட்டும், ஒங்க வீட்லேர்ந்து வரச் சொல்லுன்னாரு. அவர் வாயால சொன்னாரு!"

அம்பலவாணனுக்கு ஒரு நிமிஷம் தரையில் கால் பாவவில்லை. அடுத்த நிமிஷம் பாவிவிட்டது.

"எனக்கே இருக்கும்போதுன்னா? எனக்கு எதுவும் இல்லியே மெலானி."

"தெரியும்."

"ஒங்கப்பாகிட்ட சொன்னியா?"

"சொல்லல." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பொய் சொல்ல வேணாம். ஆமான்னும் சொல்லாத, இல்லன்னும் சொல்லாத. விழா முடியிறவரைக்கும் சும்மா இரு, போதும். மூணு வருசமா வாயத் தொறந்து என்னா கண்டோம்?"

அவள் கண் கலங்கியிருந்தது. அவன் சரி என்றான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது?

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் அவன் புத்தகமே. அதில் 'தெரிந்தும் சும்மா இருப்பவர்' என்று ஒரு அத்தியாயம். புரளியைப் பரப்புபவர் பஸ்ஸை ஓட்டுகிறார், உண்மை தெரிந்தும் சும்மா இருப்பவர் அந்த பஸ்ஸுக்கு ரோட்டில் வழி விட்டுக் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தான். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம் அதுதான் என்று விருதுக்காரர்கள் குறிப்பாகப் பாராட்டியிருந்தார்கள். பாராட்டு இப்படி நெருஞ்சி முள்ளாகக் குத்தும் என்று அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் விழா நாள் வந்தது. பள்ளிக்கூட ஹால் நிறைந்திருந்தது. ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தியதில் அம்பலவாணன் ஜவுளிக்கடை பொம்மையாக வியர்த்து உட்கார்ந்திருந்தான். முதல் வரிசையில் சவியே. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலுக்கு மட்டும் எடுத்துப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெலானி. அதற்கடுத்து உமாமகேஸ்வரி, சம்பந்தியாகப் போகிறவரை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். எல்லாம் கூடி வந்திருந்தது. அவன் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

தலைமையாசிரியை, "இப்போது மாணவர்கள் எழுத்தாளரிடம் கேள்வி கேட்கலாம்" என்றார்.

மைக்கை முதலில் வாங்கியவள் பத்தாம் வகுப்பு தமிழ்மொழி. மழை விடுமுறைப் புரளியை அவனோடு சேர்ந்து தெருத்தெருவாகத் துரத்தியவள். அதற்குப் பிறகு அவளுக்கு அதே வேலையாகிவிட்டது. சத்துணவில் முட்டை கிடையாதாம் என்று யாராவது சொன்னால்கூட, யார் சொன்னது, எப்போது சொன்னது, நேரில் பார்த்தாயா என்று கேட்டு உயிரை வாங்குவாள்.

"சார், ஒங்க புக்குல எனக்குப் புடிச்சது தெரிஞ்சும் சும்மா இருக்கறவங்களப் பத்தின சாப்டர். அதனாலதான் கேக்குறேன். ஒங்களுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி குடுத்துட்டாங்கன்னு ஊரு பூரா பேசுறாங்க. அது உண்மையா சார்?"

ஹால் பூராவும் கழுத்தை நீட்டியது. டீக்கடையை விட்டுவிட்டு வந்திருந்த நூகு பாயும் நீட்டினார்.

சிரித்து மழுப்பிவிடலாம். 'அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா' என்று சொன்னால் ஊர் அதையே ஆமாம் என்று எடுத்துக்கொள்ளும். அம்பலவாணன் மெலானியைப் பார்த்தான். அவள் லேசாக, மிக லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிறகு தமிழ்மொழியைப் பார்த்தான். அந்தப் பெண் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவன் சொல்வதை அப்படியே நம்பிவிடத் தயாராக இருந்தாள். ஊரில் யார் பேச்சையும் விசாரிக்காமல் நம்பாதவள், அவன் பேச்சை மட்டும் விசாரிக்க மாட்டாள். அதுதான் அவனைக் கொன்றது.

"இல்லம்மா" என்றான். மேடை மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு மறுபடியும் சொன்னான். "எனக்கு யாரும் எந்த நேஷனாலிட்டியும் குடுக்கல. புக்கு பிரெஞ்சுல வரலாம், அதுவும் இன்னும் முடிவாகல. அவ்வளவுதான் விஷயம். இத நான் முன்னாடியே எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கணும். ஒரு வாரமா சும்மா இருந்தேன். தப்பு என் பேர்லதான்."

மெலானி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தபோது அம்பலவாணனுக்கு மேடையை விட்டு இறங்கி எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. மூன்று வருஷம் காத்திருந்து கைக்கு வந்ததை ஒரே சொல்லில் தட்டிவிட்டோம் என்று நினைத்தான். உமாமகேஸ்வரி நெற்றியில் அடித்துக்கொண்டது மேடைவரைக்கும் கேட்டது.

தமிழ்மொழி மைக்கை விடவில்லை.

"தேங்க்ஸ் சார். அது பொய்யின்னு நாங்களும் சந்தேகப்பட்டோம். அதனால நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே பின்னாடி பின்னாடி வெசாரிச்சுக்கிட்டுப் போனோம். டீக்கடைலேர்ந்து ஆரம்பிச்சு, ஒவ்வொருத்தரா, ஒங்களுக்கு யாரு சொன்னா, ஒங்களுக்கு யாரு சொன்னான்னு கேட்டுட்டே போனோம். மொதல்ல சொன்னவங்க யாருன்னு கண்டுபுடிச்சிட்டோம் சார். சொல்லட்டுமா?"

"பேரெல்லாம் இங்க வேணாம்மா" என்று அம்பலவாணன் கையை உயர்த்தினான்.

அவன் உயர்த்திய கை இறங்குவதற்குள் முதல் வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. சவியே எழுந்து நின்றார்.

"ஒக்காரு மாத்மொசெல்" என்றார் பிரெஞ்சு மரியாதையோடு, தமிழ்மொழியைப் பார்த்து. "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்றேன்."

மெலானி தலையை நிமிர்த்தினாள்.

"நாந்தான் சொன்னேன்" என்றார் சவியே. மைக் இல்லாமலே கேட்கும் ராணுவக் குரல். "சுப்ராயன் சலூன்ல முடி வெட்டிக்கும்போது சொன்னேன். பிரெஞ்சுல புக்கு வருதுன்னா சும்மா விடுவாங்களா, நேஷனாலிட்டியே குடுத்துருவாங்கன்னு சொன்னேன். குடுத்துருவாங்கன்னுதான் சொன்னேன். நான் சேர்லேர்ந்து எறங்குறதுக்குள்ள குடுத்துட்டாங்கன்னு ஆகிப்போச்சு. ஆகட்டும்னுதான் நானும் விட்டுட்டேன்."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். சவியே அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது.

"இந்த வாத்தியாரு மூணு வருசத்துக்கு முன்னாடி எம்பொண்ணக் கேட்டாரு. சொந்தக்காரங்க அத்தன பேரு முன்னாலயும் முடியாதுன்னேன். நேஷனாலிட்டிக்கு அலையிறவன்னு பேசினேன். அப்புறம் எம்பொண்ணு மொகத்தப் பாக்கப் பாக்க, பேசினது தப்போன்னு இருந்துச்சு. ஆனா எல்லார் முன்னாடியும் ஏறி நின்னு பேசிட்டவன் எப்படி எறங்குறது? எறங்கி வர ஒரு படி வேணும்ல? அந்தப் படியத்தான் சுப்ராயன் கடையில கட்டினேன்."

அவர் மேடையைப் பார்த்துத் திரும்பினார்.

"கட்டின படிய இவரு மைக்கப் புடிச்சு ஒடச்சுப்புட்டாரு."

அம்பலவாணன் எழுந்து நின்றுவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சவியே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு, முடிக்கல. நேஷனாலிட்டிக்காகப் பொண்ணு கேக்குற ஆளா இருந்தா இன்னிக்கு என்னா பண்ணியிருப்பான்? பல்லக் காட்டிக்கிட்டு கம்முன்னு ஒக்காந்திருப்பான். கல்யாணம் முடியிறவரைக்கும் மூச்சு விட்டிருக்க மாட்டான். நீ இல்லன்னு சொன்ன. இல்லன்னா எம்பொண்ணு கெடைக்க மாட்டாள்னு தெரிஞ்சே சொன்ன. எனக்கு இதுக்கு மேல என்னா ஆதாரம் வேணும்?"

சொல்லிவிட்டுக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இன்னும் சத்தமாகப் பேசினார்.

"படிதான் இல்லாமப் போச்சே. குதிக்க வேண்டியதுதான். குதிச்சிட்டேன்." பக்கத்தில் இருந்த உமாமகேஸ்வரியைப் பார்த்துக் கைகூப்பினார். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்கம்மா. பேசி முடிச்சிருவோம்."

உமாமகேஸ்வரி பதறி எழுந்து, கும்பிடுவதா, சரி என்பதா என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். நூகு பாய்தான் முதலில் கைதட்டினார். பிறகு ஹால் பூராவும் தட்டியது. மெலானி அப்பாவின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மேடையைப் பார்த்து முறைக்கவும் செய்தாள். அம்பலவாணனுக்குக் கண் மறைத்தது. கழுத்தில் கிடந்த பொன்னாடையாலேயே துடைத்துக்கொண்டான்.

கைதட்டல் ஓய்ந்தபோதுதான் தமிழ்மொழி இன்னும் மைக்கோடு நிற்பதை எல்லாரும் கவனித்தார்கள். அவள் முகத்தில் ஒரே குழப்பம்.

"அங்கிள்" என்றாள் மெதுவாக. "நாங்க நீங்கன்னு சொல்ல வரலயே. சுப்ராயன் அண்ணன்தான் மொதல்ல சொன்னாருன்னு நெனச்சோம். சலூனோட நின்னுட்டோம். யாரு சொன்னான்னு கேட்டதுக்கு, நூறு தல வருது, எந்தத் தலன்னு ஞாபகம் வச்சுக்கறதுன்னுட்டாரு. மழுப்புறாருன்னு அவரையே முடிவு பண்ணிட்டோம்."

ஹால் வெடித்துச் சிரித்தது. தலைமையாசிரியை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சவியே மெல்ல உட்கார்ந்து, மேடையைப் பார்த்தார்.

"அப்ப நான் வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாமா வாத்தியாரே?"

"இருந்திருக்கலாம் மாமா" என்றான் அம்பலவாணன்.

மாமா என்று மைக்கில் சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சவியே மறுப்புச் சொல்லவில்லை. பாக்கெட்டில் இருந்து கைக்குட்டையை எடுத்து மகளிடம் கொடுத்தார், கொஞ்சம் யோசித்துத் திரும்ப வாங்கித் தானும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.